சரஸ்வதி பூஜை வரை இலந்தைப்பழம் கிடையாது

அன்புள்ள ஐயா,

கணவருக்கு மாற்றலாகி ஆறு மாதம் முன்பு கொல்கத்தா வந்தோம். மகள் இரண்டாம் வகுப்பு. அடுத்த வாரம் பள்ளியில் சரஸ்வதி பூஜையாம். மஞ்சள் உடையில், அஞ்சலி முடியும்வரை சாப்பிடாமல் வரவேண்டுமாம். நமக்கு நவராத்திரியில்தானே சரஸ்வதி பூஜை? ஏழு வயதுப் பிள்ளையைப் பட்டினியாக அனுப்ப மனசு வரவில்லை. நீங்கள் இங்கே படித்தவர். அனுப்பலாமா?

ஒரு வாசகி, கொல்கத்தா

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். கிளம்பும்போது ஒரு டம்ளர் பால் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அதில் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வங்காளிகளுக்குச் சரஸ்வதி வசந்தத்தோடு வருகிறவள். மாக மாத வளர்பிறைப் பஞ்சமி, நம் கணக்கில் தையிலோ மாசித் தொடக்கத்திலோ வரும். 2023இல் ஜனவரி 26, 2024இல் பிப்ரவரி 14. கடுகு வயல் மஞ்சளாகப் பூத்திருக்கும் காலம், அந்த நிறம்தான் உடுப்பிலும். அவளுக்குப் பிடித்த பூ பலாசம். நம் புரசு மரம்தான், புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம்.

1980களில் நான் அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த வருடம், மார்கழிக் குளிரில் பள்ளி வாசலில் இலந்தைப்பழம் வாங்கினேன். வாயில் போடப் போன பழத்தைப் பக்கத்துப் பெஞ்சுப் பையன் தட்டிவிட்டான். பூஜைக்கு முன்னால் ‘குல்’ தின்றால் பரீட்சையில் பெயிலாகிவிடுவாயாம்! அவன் முகத்தில் இருந்தது உண்மையான பயம், எனக்காகப் பட்ட பயம். புது ஊரில் எனக்காக ஒருவன் பயந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நானும் தொடவில்லை.

என்னிடம் மஞ்சள் உடுப்பு இல்லை. அம்மா என் வெள்ளைச் சட்டையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, இரவெல்லாம் மின்விசிறிக்குக் கீழே காயவைத்தாள். நாள் முழுக்க என்மேல் சமையலறை வாசம். ஒருவரும் கேலி செய்யவில்லை.

பூஜையை நடத்தியது பெரிய வகுப்புப் பிள்ளைகள். சந்தா பிரித்து, சிலை செய்பவர்கள் வாழும் குமார்துலியிலிருந்து சிலை கொண்டுவந்து, அரிசி மாவைக் கரைத்துத் தரையெல்லாம் ஆல்பனா போட்டிருந்தார்கள், நம் மாக்கோலம் மாதிரி. ஆசிரியர்கள் ஓரமாகத்தான் நின்றார்கள். அன்று ஊரெங்கும் பூஜை என்பதால் புரோகிதர் வந்து சேரப் பதினொரு மணி. பசியில் காது அடைத்தது. அப்புறம் கை நிறையப் பூ, மூன்று முறை அஞ்சலி. “ஜய ஜய தேவி” என்று முந்நூறு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னபோது பசி எங்கே போனது என்று தெரியவில்லை. புத்தகமெல்லாம் அவள் காலடியில், அன்று யாரும் படிக்கக் கூடாது. அது மட்டும் நம் வீட்டு வழக்கமேதான்.

பிறகு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கிச்சுரி என்கிற அரிசி பருப்புக் கிச்சடி, லாப்ரா என்கிற காய்கறிக் கூட்டு, பேகுனி என்கிற கத்தரிக்காய் பஜ்ஜி, இலந்தைச் சட்னி, பாயேஷ் என்கிற பாயசம். அந்தக் கிச்சுரியின் ருசி பசித்தவனுக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் அனுப்பச் சொல்கிறேன். வயிறு நிறைய இட்லியோடு போனால் உங்கள் மகள் வேடிக்கை பார்க்கப் போன பிள்ளையாகிவிடுவாள்.

இன்னொன்று. பூஜை வரை வீட்டில் இலந்தைப்பழம் வாங்காதீர்கள், நீங்களும் தின்னாதீர்கள். அன்று அவளைக் கூட்டிவரும் வழியில் உருண்டையாக, புளிப்பாக இருக்கும் ‘டோபா குல்’ அரைக் கிலோ வாங்குங்கள். உப்புத் தொட்டு இருவரும் சேர்ந்து தின்னுங்கள்.