எரிச்சல் ஏன் பாதத்தில் மட்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சில மாதங்களாக இரவில் இரு பாதங்களும் எரிகின்றன. நடக்கும்போது செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. கைகளில் தொந்தரவு இல்லை. செத்த நரம்பு செல் திரும்ப வராது என்கிறார்களே, உண்மையா? நரம்பு மாத்திரை போதுமா?

பதில்: கைகளை விட்டுவிட்டுக் கால்களைப் பிடித்ததற்குக் காரணம் நரம்பு செல்லின் அமைப்பு. உங்கள் பெருவிரலின் உணர்வைச் சுமக்கும் செல்லின் உடற்பகுதி பாதத்தில் இல்லை. கீழ்முதுகில், தண்டுவடத்தை ஒட்டிய சிறு முடிச்சில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்தச் செல்லிலிருந்து ஆக்ஸான் என்ற இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டு விரல் நுனியைத் தொடுகிறது. இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே தயாராகித்தான் கீழே வரவேண்டும். கூடுதல் சர்க்கரை இழையையும் அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது, கடைமடை வயலைப் போல நுனிதான் முதலில் வாடுகிறது. கைகளுக்குப் போகும் இழைகள் நீளம் குறைந்தவை.

நரம்பு செல்களில் உணர்வைக் கொண்டுவருபவை, தசையை இயக்குபவை, மூளையிலும் தண்டுவடத்திலும் இவற்றை இணைப்பவை என மூவகை உண்டு. உங்களுக்கு இப்போது அடிபட்டிருப்பது முதல் வகை. அதிலும் மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாத மெல்லிய இழைகள் சூட்டையும் வலியையும் நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகத்தில் கடத்துகின்றன; எரிச்சல் அவற்றின் கோளாறு. உறை போர்த்திய தடித்த இழைகள் தொடுதலையும் அதிர்வையும் பல மடங்கு வேகமாகக் கடத்துபவை. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் இவையும் பழுதாகியிருக்கக்கூடும். எரிச்சலைவிட எனக்கு இதுதான் கவலை. வலிக்காத காலில் புண் வந்தால் யாரும் கவனிப்பதில்லை.

மூளையில் இறந்த செல்லுக்கு மாற்று செல் பெரும்பாலும் வராது, அது உண்மை. உங்கள் காலிலோ வாடியது இழையின் நுனி. மேலே செல் உயிரோடு இருக்கும்வரை இழை மெல்ல வளர முயலும். சர்க்கரை நோயில் அந்த வளர்ச்சி மந்தம். இழந்த உணர்வு முழுதும் திரும்பும் என்று நான் உறுதி தரமாட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடும் வேகம் குறையும்.

நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அந்தக் குறைபாடும் நரம்பைக் கெடுக்கும். எனவே ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ அவசியம். குறையாதவருக்கு, பி12 போன்ற வைட்டமின்கள் அடங்கிய நரம்பு மாத்திரையால் பெரிய பலனில்லை. எரிச்சலைத் தணிக்க டுலாக்செடின், பிரகாபலின் போன்றவை உண்டு. அவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சீராக்காது. உங்கள் சிறுநீரகத்தின் நிலை அறிந்த மருத்துவரே எழுதித் தரட்டும்.

தொடுதல் தெரிகிறதா என்று 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் தெரியாது. உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதும் வேண்டாம். ஒரு கால் மட்டும் மரத்தாலோ, பலவீனம் சில நாட்களில் மேலேறினாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.