தொழில் நடத்தும் அம்மாக்கள் கேட்கிறார்கள்: பையிலேயே இருக்கும் சாம்பிள்கள்

பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சொந்தத் தொழில் நடத்துகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கிறது, கால்தான் நகர மாட்டேன் என்கிறது. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே அதிக இடம் போய்விட்டது, வேண்டுமென்றேதான்.

கேள்வி: வீட்டிலிருந்தே குழந்தைகள் உடைகள் தைத்து விற்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். வாங்குகிறவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஒரு துணிக்கடையிலிருந்து ‘சாம்பிள் கொண்டுவந்து காட்டுங்கள்’ என்றார்கள். ஐந்து உடைகள் தைத்துப் பையில் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு வாரம் சின்னவனுக்கு ஜுரம், அப்புறம் அவசர ஆர்டர் என்று நாள் போகிறது. ‘கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா’ என்கிறார்கள் தோழிகள். இருப்பதே போதுமே என்றும் தோன்றுகிறது. வெளியே வந்தால் நிஜமாகவே தொழிலுக்கு நல்லதா, அல்லது எல்லோரும் சும்மா சொல்கிற பேச்சா?

பதில்: நிஜமாகவே நல்லது, சகோதரி. ஆனால் ‘தைரியம் வந்துவிடும்’ என்ற பொத்தாம்பொதுவான காரணத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் தொழிலையே எடுத்துப் பார்ப்போம்.

ஆறு வருடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே விற்கிறீர்கள். தெரிந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள், கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தால்கூட ‘ரொம்ப அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள், உங்களுக்குக் காரணமே தெரியாது. இன்னொன்று, குழந்தை உடை வாங்குகிறவர் என்றைக்கும் நம்மோடு இருக்கிற வாடிக்கையாளர் இல்லை, பிள்ளை வளர்ந்ததும் அவர் போய்விடுவார், அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் வட்டத்தில் புதிதாகப் பிறக்கிற குழந்தைகள் எத்தனை இருக்கும்? நீங்கள் பாதுகாப்பு என்று நினைக்கிற வட்டம் தானாகவே சுருங்கிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் உங்களிடம் வேறு மாதிரி பேசுவார். எந்த வயதுக்கு என்ன அளவு என்று அட்டவணை இருக்கிறதா, துவைத்தால் சாயம் போகுமா, வாரத்துக்கு எத்தனை தர முடியும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, பணம் எத்தனை நாள் கழித்துக் கொடுக்கலாம் என்றெல்லாம் கேட்பார். இவற்றில் இரண்டுக்குத்தான் உங்களிடம் பதில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற மூன்றுக்கும் பதில் தேடும்போது உங்கள் தொழில் ஒரு படி ஏறியிருக்கும். அவர் வேண்டாம் என்று சொன்னாலும்கூடத்தான்.

இப்போது அந்த மூன்று வாரத்துக்கு வருவோம். ஜுரம் வந்த வாரம் போகாதது சரி, அதைச் சாக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்ற இரண்டு வாரங்களில் ‘சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று முடிவெடுத்த நொடியில் மனசு லேசாகியிருக்கும், இல்லையா? அங்கேதான் சிக்கல். தள்ளிப்போட்டவுடன் கிடைக்கிற அந்த நிம்மதியால், தள்ளிப்போடுவதுதான் சரியான வழி என்று மனசு கற்றுக்கொள்கிறது, அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் கூடிவிடுகிறது. அந்தக் கடையில் உங்களுக்குக் கெட்டது எதுவுமே நடக்கவில்லை, ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது அந்தப் படியேறுவது கஷ்டமாகத் தெரிகிறது. போய் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தால்தான் இந்தச் சுற்று உடையும்.

தோழிகள் அவ்வளவு சொல்லியும் ஏன் நகரவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ‘என்னால் இது முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரையில் நான்காகப் பிரித்தார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, அடுத்தவர் சொல்கிற ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் நம் உடம்பு இருக்கிற நிலை. இதில் வலுவானது முதலாவது. தோழிகள் தருவது மூன்றாவது. அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் வார்த்தை மட்டும் போதாது. உங்களைப் போலவே வீட்டிலிருந்து தொடங்கிக் கடைகளுக்குக் கொடுக்கிற ஒரு பெண்ணோடு அரை மணி நேரம் பேசுங்கள், இரண்டாவதும் கிடைத்துவிடும். முதலாவதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும், அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் போன் செய்து, ‘செவ்வாய்க்கிழமை காலையில் வரலாமா?’ என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் ஒரு தாளில், ‘செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும், வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் கடைக்குப் போவேன்’ என்று எழுதுங்கள். எப்போது, எதற்கு அடுத்து என்று இப்படிக் குறித்துவைத்த காரியங்கள் அதிகம் நடந்தேறுகின்றன என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பினால் அவசர ஆர்டர் ஒன்று காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மூன்று வருடமாக ஒரே கட்டணம். ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன், கேட்கப் போகும்போது வாய் வரமாட்டேன் என்கிறது. கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ?

பதில்: அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஹன்னா ரைலி பவுல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பணத்துக்காகப் பேரம் பேசுகிற பெண்களை, அதே அளவு கேட்கிற ஆண்களைவிடக் கடுமையாக எடைபோடுகிறார்கள் என்பது தெரிந்தது. ஆகவே ‘தயக்கம் எல்லாம் மனசில்தான்’ என்று உங்களிடம் சொன்னால் அது அநியாயம்.

அதற்காக மூன்று வருடம் இன்னொரு மூன்று வருடம் ஆகக்கூடாது. 2010-இல் எமிலி அமனாதுல்லா, மைக்கேல் மோரிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தங்களுக்காகக் கேட்கும்போது பின்வாங்கிய பெண்கள், இன்னொருவருக்காகக் கேட்கும்போது விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். பிள்ளைக்கு ஒன்று என்றால் நீங்கள் பள்ளியில் போய் எவ்வளவு தெளிவாகப் பேசுவீர்கள்! இரவு பிள்ளை தூங்கிய பிறகு கணக்கு எழுதுகிற அந்தப் பெண்ணுக்காக நீங்கள் போய்ப் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புதிதாக வருகிறவரிடம் புதிய கட்டணத்தைச் சொல்லுங்கள், பழையவர்களைப் பிறகு பார்க்கலாம். தொகையைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். ‘அதிகம்னா சொல்லுங்க, குறைச்சுக்கலாம்’ என்று அவர் கேட்பதற்கு முன்பே நாமே சேர்த்துக்கொள்கிற அந்த ஒரு வரியில்தான் நம் வருமானம் போகிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்த காலத்தில் அந்த வரியை நிறுத்த எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பழைய வாடிக்கையாளர்களுக்கு, எந்தத் தேதியிலிருந்து புதிய கட்டணம் என்று இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள், மன்னிப்புக் கேட்காமல். ஓரிருவர் போகலாம். போகிறவர்கள் பெரும்பாலும் அதிக நேரம் வாங்கிக் குறைவாகக் கொடுத்தவர்களாக இருப்பார்கள்.

கேள்வி: என் பொருள்களைப் பற்றி நானே வீடியோவில் பேசினால் நன்றாக விற்கும் என்கிறார்கள். கேமராவைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. அமைதியாக இருக்க என்ன செய்யலாம்?

பதில்: அமைதியாக முயல வேண்டாம். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரை மாற்றுவது சுலபம், இதயத்தை மெதுவாக்குவது கடினம். அப்புறம் 2022-இல் கேட்லின் வுல்லி, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் வெளியிட்ட ஆய்வு. நாடகப் பயிற்சி வகுப்பில் ‘உங்களுக்குச் சங்கடமாக இருக்க வேண்டும், அதுதான் இன்றைய நோக்கம்’ என்று சொல்லப்பட்டவர்கள் மேடையில் அதிக நேரம் நின்றார்கள், துணிந்து நடித்தார்கள். முதல் பத்து வீடியோக்களுக்கு உங்கள் நோக்கமும் அதுவாகவே இருக்கட்டும், விற்பனையைப் பதினோராவதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு நாள் கண்காட்சி ஒன்றில் கடை போட அழைப்பு வந்திருக்கிறது, வெளியூரில். மகளுக்கு ஏழு வயது, நான் இல்லாமல் இரவு தூங்கியதில்லை. கணவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. அதோடு இன்னொரு யோசனை: சேமிப்பை எல்லாம் போட்டு ஒரே அடியாகத் தொழிலைப் பெரிதாக்கிவிடலாமா? துணிந்தவருக்குத்தானே எல்லாம்?

பதில்: முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு வேண்டாம்.

கண்காட்சிக்குப் போங்கள். அம்மாக்களுக்குக் கடினமான இடம் மேடையோ கேமராவோ இல்லை என்று எனக்குப் பல வருடமாகத் தோன்றுகிறது. வீட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நம் மாதிரி செய்யாததைப் பார்த்துச் சும்மா இருப்பதுதான் கடினம். உங்கள் கணவர் தலையை வேறு மாதிரிதான் பின்னுவார், பள்ளிப் பையில் ஒன்றை மறப்பார். அவரும் முதல் முறை செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், மணிக்கொரு முறை போனில் சொல்லிக் கொடுத்தால் அந்த வாய்ப்பு அவருக்குப் போய்விடும். முன்னதாக ஒரு இரவு நீங்கள் வேறு அறையில் படுத்துக்கொண்டு, மகளை அவர் தூங்க வைக்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு இரவு நீங்கள் உறவினர் வீட்டில் தங்குங்கள். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், எங்கே போகிறேன், எதற்கு, எப்போது திரும்புவேன் என்று. அவள் அழுதால் அழட்டும், அது உங்கள் மேல் இருக்கிற பாசம், நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. குற்ற உணர்ச்சி முதல் தடவையே போய்விடாது. மூன்றாவது, நான்காவது பயணத்தில் குறையும்.

சேமிப்பு விஷயம் வேறு. கண்காட்சியில் ஒன்றுமே விற்காவிட்டால் இரண்டு நாளும் வாடகையும் போகும், மறுபடி சம்பாதிக்கலாம். பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியச் செலவுக்கும் இருக்கிற பணம் போனால் அப்படிச் சொல்ல முடியுமா? எலிகளை வைத்து ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்ஸன் இருவரும் 1908-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கடினமான பாடத்தைக் கற்கும்போது தூண்டுதல் ஓரளவு வரை கூடினால் உதவியது, அதற்கு மேல் கூடினால் கற்றலே கெட்டது. எலிக்கும் நமக்கும் தூரம் அதிகம்தான், ஆனால் வீட்டு நிம்மதியே ஆட்டம் காண்கிற அளவுக்குப் பயத்தைக் கூட்டிக்கொண்டு நல்ல முடிவு எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தட்டச்சுப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவத்தைக் கண்டுபிடித்த பெட் நெஸ்மித் கிரகாம் உங்களுக்குத் துணைக்கு வருவார். தனியாக மகனை வளர்த்த செயலாளர். 1956-இல் அந்தத் திரவத்தைச் சொந்தமாக விற்கத் தொடங்கினார், சமையலறை மிக்ஸியில் கலக்கினார், மகனும் அவன் நண்பர்களும் வீட்டில் பாட்டில்களில் நிரப்பிக் கொடுத்தார்கள். சம்பள வேலையை அவராக விடவில்லை, 1958-இல் அந்த வேலை போனபோதுதான் முழு நேரமும் தொழிலில் இறங்கினார், அதற்குள் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். 1979-இல் அந்த நிறுவனத்தை 4.75 கோடி டாலருக்கு விற்றார். நடுவில் இருபத்து மூன்று வருடங்கள்.

கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். எத்தனை விற்றது என்பதோடு, மகள் அந்த இரண்டு இரவும் எப்படித் தூங்கினாள் என்பதையும்.