வாசகர் கேள்வி – பதில்: ஓசி பார்க்கிங்கும் தி.நகரும்

(போன இதழில், தி.நகரில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவது தப்பில்லை என்று நாலு வரி எழுதியிருந்தேன். திட்டிக் கடிதம் எழுதியவர்களே அதிகம். அவற்றிலிருந்து சில.)

கே: சாலை போட்டது நம் வரிப்பணத்தில். வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டியாச்சு. நிறுத்துவதற்கும் காசு என்றால் இது பகல் கொள்ளை இல்லையா? – வாசகர், மேற்கு மாம்பலம்

ரோடு டாக்ஸ் மாநில அரசுக்குப் போகிறது. தெருவைப் பெருக்கி, விளக்குப் போட்டு, நடைபாதைக் கல் பெயர்ந்தால் ஒட்டுவது மாநகராட்சி. அதோடு அந்த வரி வண்டி ஓட்டுவதற்குத்தான், தெருவில் ஒரு துண்டை வளைத்துப் போடுவதற்கு இல்லை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. பாண்டி பஜாரில் அந்த அளவுக்கு ஒரு கடை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அட்வான்ஸைக் கேட்டதும் தலை சுற்றும். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி நடந்து வருகிற அம்மாவும் வரி கட்டுகிறவர்தான், அவருக்கு யாரும் 135 சதுர அடி ஓசியில் கொடுக்கவில்லை.

கே: ஏற்கெனவே ஆன்லைனும் மாலும் வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகின்றன. பார்க்கிங்குக்கும் காசு என்றால் எங்கள் கடைக்கு யார் வருவார்கள்? – துணிக்கடைக்காரர், உஸ்மான் சாலை

இந்தப் பயம் புரிகிறது, கடிதம் எழுதியவர்களில் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியதும் உங்களுக்குத்தான். முதலில் ஒன்று: மாலில் மட்டும் பார்க்கிங் சும்மாவா கிடைக்கிறது? அங்கே மணிக்கணக்கு போட்டு வாங்குகிறார்கள், நாமும் வாய் பேசாமல் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். ஜனங்கள் அங்கே போவது போன உடனே இடம் கிடைக்கிறது என்பதற்காக.

கலிஃபோர்னியாவில் பசடீனா என்று ஒரு ஊர். அதன் பழைய கடைவீதி பாழடைந்து கிடந்தது, பார்க்கிங் இலவசம். நகராட்சி பார்க்கிங் மீட்டர் (காசு போட்டால் அதற்கான நேரம் வண்டியை நிறுத்தவிடும் கருவி) வைக்கிறேன் என்றதும் கடைக்காரர்கள் நீங்கள் சொன்னதையே சொன்னார்கள், இருக்கிற கொஞ்ச வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்கள் என்று. ஆனால் கடை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றவை பெரும்பாலும் வாடிக்கையாளர் வண்டிகள் இல்லை, கடை முதலாளிகளும் சிப்பந்திகளும் கொண்டுவந்து போட்டவை. நீண்ட பேரத்துக்குப் பிறகு நகராட்சி ஒரு வாக்குக் கொடுத்தது: மீட்டரில் விழுகிற பணம் இந்தக் கடைவீதிக்கே திரும்பி வரும். அந்த ஒரு வார்த்தையில் கடைக்காரர்கள் மனம் மாறி, அப்படியென்றால் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்கூட வாங்குங்கள் என்றார்கள்! 1993-ல் மீட்டர் வந்தது, மணிக்கு ஒரு டாலர். வரப்போகிற மீட்டர் வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் திரட்டி நடைபாதை, மரம், விளக்கு, பின்சந்து எல்லாவற்றையும் சீர்செய்தார்கள். கடைவீதி பிழைத்துக்கொண்டது. மீட்டர் ஒன்றே அதைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மீட்டர் வந்து கெட்டுப்போகவில்லை.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். கடை ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் வரிசையாக நிற்கிற பைக்குகள் யாருடையவை? கவுன்டரில் நிற்கப்போகிற பிள்ளைகளுடையவை. பக்கத்தில் ஓனர் கார். அவை ராத்திரி கடை மூடும்வரை நகராது. கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பத்தில் பெண்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் வீட்டுக்காரர் ஏசியைப் போட்டுக்கொண்டு பனகல் பார்க்கைச் சுற்றிக்கொண்டே இருப்பார், நடுநடுவே 'எடுத்தாச்சா, இல்லையா' என்று போன் வேறு. அந்தப் போன் வந்த பிறகு நாலாவது புடவையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? உங்கள் நஷ்டம் அங்கே இருக்கிறது.

இந்தப் பார்க்கிங் விவகாரத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் லாஸ் ஏஞ்சலீஸ் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2025-ல் காலமானார். எந்த நேரத்தில் போனாலும் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கட்டணம் தேவையோ அவ்வளவு போதும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானமும் தீபாவளிக்கு முந்தின ஞாயிறும் ஒரே கட்டணம் என்பது அந்தக் கணக்குப்படி அசட்டுத்தனம்.

கே: உலகத்தில் முதன்முதலில் பார்க்கிங்குக்கு மீட்டர் வைத்த புண்ணியவான் யார்? – மாணவர், தாம்பரம்

அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி, 1935 ஜூலை, மணிக்கு ஐந்து சென்ட். யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரருடையது (எங்கள் இனம்தான், திட்டுங்கள்). காரணம் அங்கேயும் அதேதான், கடைவீதியில் வேலைக்கு வருகிறவர்களின் கார்களே நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

கே: தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி பார்க்கிங் கட்டியிருக்கிறார்களே, அதில் போடாமல் ஏன் தெருவில் முட்டிக்கொள்கிறார்கள்? – இல்லத்தரசி, நங்கநல்லூர்

உள்ளே காசு, வெளியே ஓசி என்றால் எவன் உள்ளே போவான்? தெருக் கட்டணம் கட்டடத்தைவிட ஒரு படி அதிகமாக இருக்க வேண்டும். அஞ்சு நிமிஷ வேலைக்காரர் தெருவிலும், அரை நாள் ஷாப்பிங்காரர் கட்டடத்திலும் தானாகப் பிரிந்துவிடுவார்கள்.

கே: நான் டெலிவரி செய்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது இடத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அஞ்சு ரூபாய் என்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்வேன்? – வாசகர், கோடம்பாக்கம்

வந்த கடிதங்களில் என்னிடம் சரியான பதில் இல்லாமல் நிற்க வைத்தது உங்களுடையது. பைக்குக்கு மணிக்கு 5 ரூபாய், காருக்கு 20 ரூபாய் என்று வைத்தபோது உங்களை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் பைக்குக்குக் கட்டணம் கூடாது, சரக்கு ஏற்றி இறக்கத் தனி இடம் வேண்டும், இந்த இரண்டும் இல்லாத திட்டத்தை நானும் எதிர்ப்பேன். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகத்தைத் திறந்தபோது நடக்கிறவர்களுக்கு நல்லது செய்தார்கள். தெருவில் உழைக்கிறவர்கள் பாக்கி.

கே: கட்டணம் எல்லாம் சரி சார், ரசீது எங்கே? ஆள் வருகிறான், காசு வாங்குகிறான், போகிறான். அவன் யார் என்றே தெரியவில்லை. – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், அசோக் நகர்

அப்படிக் கேளுங்கள்! 2025 ஜூலையில் பழைய ஒப்பந்தம் முடிந்ததும், புது டெண்டர் முடியும்வரை மாநகராட்சி இடங்களில் பார்க்கிங் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த மாதிரி சமயத்தில் கையில் துண்டுச்சீட்டோடு ஒருத்தர் வந்து நின்றால் எத்தனை பேர் தைரியமாக மறுத்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? ஜனங்களின் கோபம் அந்த 20 ரூபாயின் மீது இல்லை, அது யார் சட்டைப்பைக்குப் போகிறது என்பதில்தான். பசடீனாக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள், காசு போட்டார்கள், நடைபாதை வந்தது. இங்கே இந்தத் தெருவில் இந்த மாதம் இவ்வளவு வசூல், அதில் இந்தக் கழிப்பறை கட்டினோம் என்று தெருமுனையில் ஒரு பலகை வைக்கட்டும். அது வரைக்கும் ரசீது இல்லாமல் பத்துப் பைசா தராதீர்கள்.

கே: பெரிய கடைகளின் பேஸ்மென்டில் பார்க்கிங் என்று பிளானில் காட்டிவிட்டு குடோன் வைத்திருக்கிறார்களே? – வாசகர், சைதாப்பேட்டை

பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அதிகாரி படியிறங்கினால் போதும். படியிறங்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் தி.நகருக்கு எதில் போவீர்கள்? – வாசகி, குரோம்பேட்டை

மின்சார ரயிலில்தான். 2023-ல் திறந்த ஆகாய நடைபாலத்தில் ஏறினால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ரங்கநாதன் தெரு நெரிசலில் சட்டைப் பித்தான் அறுபடாமல் போய்விடலாம். பாத்திரம் பண்டம் வாங்கினால் மட்டும் திரும்பும்போது ஆட்டோ. அந்த மீட்டரைப் பற்றி இந்த இதழில் கேட்காதீர்கள்.