பதினொரு காளைக்கன்று: கொழுக்க வைக்கவா, இப்போதே விற்கவா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோடு பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஹோவிக் அருகே ஆறு ஹெக்டேர் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். போன ஜூலையில் பக்கத்துப் பால்பண்ணையில் பிறந்த ஆண் கன்றுகளை நாலைந்து நாளிலேயே வாங்கி, வாளியில் பால் ஊட்டி வளர்த்தோம். இப்போது மே மாதம், பதினொன்று நிற்கின்றன. பத்து மாதம் ஆகிறது, காயடிக்கவில்லை. ஐந்து ஃப்ரீஸ்லாந்து, இரண்டு ஜெர்ஸி, மீதி நான்கு ஃப்ரீஸ்லாந்து தாய்க்கு ஆங்கஸ் சேர்த்துப் பிறந்தவை. ஜெர்ஸி தவிர மற்றவை 250 கிலோ வரை இருக்கும். ஏலத்தில் உயிர் எடைக்கு ஃப்ரீஸ்லாந்து கிலோ 32 ராண்ட், ஆங்கஸ் கலப்பு 38 என்கிறார் தரகர். இறைச்சிக்கூடத்தில் வெட்டிய எடைக்கு, ஏ2 தரம் (இளமாடு, அளவான கொழுப்பு) என்றால் கிலோ 70, கொழுப்பு போதாவிட்டால் 66. கலப்புத் தீவனம் கிலோ 4 ராண்ட். நாங்களே கொழுக்க வைத்து அனுப்பினால் மிஞ்சுமா? டிசம்பர் வரை வைத்தால் நல்ல விலை என்கிறார்கள். தினம் இரண்டு வேளையும் அம்மாதான் பட்டிக்குள் போய்த் தீவனம் வைக்கிறார். அவருக்கு இவற்றை வெட்டுக்கு அனுப்ப மனமே இல்லை.
பெயர் வேண்டாம், ஹோவிக், க்வாஸூலு-நட்டால்

பதில்: தம்பி, கணக்கைப் பிறகு பார்க்கலாம். அம்மா தினம் இரண்டு வேளை பட்டிக்குள் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இன்று சாயங்காலத்திலிருந்து அவர் உள்ளே கால் வைக்கக் கூடாது. நீங்களும் தனியாகப் போகாதீர்கள்.

மேய்ச்சலில் தாயோடு வளர்ந்த காளை மனிதனைக் கண்டால் விலகிப் போகும். வாளிப்பால் குடித்து வளர்ந்தது விலகாது, கிட்டே வரும். அதற்கு நாம் வேற்று ஆள் இல்லை, அதன் கூட்டத்தில் ஒருவர். காளைத்தனம் ஏறுகிற இந்த வயதில் கூட்டத்தில் யார் பெரியவன் என்று ஒவ்வொருவராக முட்டிப் பார்க்கும். பால் இனக் காளைகள் இதில் மிக மோசம். ஜெர்ஸி உருவத்தில் சிறிதுதானே என்று நம்பிவிடாதீர்கள்.

என் சித்தப்பா இப்படி வளர்த்த ஃப்ரீஸ்லாந்து ஒன்று, கழுத்தடியில் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். பதினாலாம் மாதம் ஒரு காலை, தீவனத் தொட்டியோடு சேர்த்து அவரை நசுக்கியது. மூன்று விலா உடைந்தது. நாய் பாய்ந்து காளையைத் திருப்பியதால் உயிர் பிழைத்தார். ஒரு வாரம் முன்பிருந்தே அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தன் உடம்பின் நீளத்தைக் காட்டி நின்றிருக்கிறது. சித்தப்பா அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டார். உங்கள் பதினொன்றில் எது அப்படி நிற்கிறதோ, அது எந்த இனமானாலும் முதல் லாரியில் ஏறட்டும்.

இனி உங்கள் கேள்வி. ஐந்து ஃப்ரீஸ்லாந்தையும் இரண்டு ஜெர்ஸியையும் இந்த மாதமே விற்றுவிடுங்கள். ஆங்கஸ் கலப்பு நான்கை மட்டும் வைத்துக் கொழுக்க வையுங்கள். பதினொன்றையும் ஒரே பட்டியாக நினைப்பதால்தான் உங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

ஒரு ஃப்ரீஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். இன்று 250 கிலோ, 32 ராண்ட் வீதம் 8,000 கைக்கு வருகிறது. வைத்து வளர்த்தால் நாளைக்கு 1.2 கிலோ ஏறும் என்று வையுங்கள், 125 நாளில் 400 கிலோ. அறுத்துத் தொங்கவிட்டால் அதில் 51 சதவீதம்தான் நிற்கும், 204 கிலோ. கொழுப்பு போதாத விலையில் 13,464 ராண்ட். இன்றைய விலையைவிட 5,464 கூடுதல். இதற்கு நாளுக்கு 9 கிலோ வீதம் 1,125 கிலோ தீவனம், 4,500 ராண்ட். மிச்சம் 964. லாரி வாடகை, தடுப்பூசி, குடற்புழு மருந்து, நான்கு மாத உழைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஐந்தில் ஒன்று செத்தால் மற்ற நான்கின் லாபமும் அதோடு போய், கையிலிருந்தும் போகும்.

ஆங்கஸ் கலப்பு வேறு கதை. இன்று 9,500 ராண்ட். நாளைக்கு 1.4 கிலோ ஏறினால் 110 நாளில் 404 கிலோ. 55 சதவீதம் நின்றால் 222 கிலோ, ஏ2 விலையில் 15,540. தீவனம் 990 கிலோ, 3,960 ராண்ட். மிச்சம் 2,080. இதில் ஒரு தவறு நேர்ந்தாலும் தாங்கும். என் எடைகளை அப்படியே நம்ப வேண்டாம். எடை காட்டும் நாடாவை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வைத்து, கூண்டில் நிறுத்தி, மாதம் ஒருமுறை அளந்து உங்கள் எண்ணைப் போடுங்கள். கண் மதிப்பு எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? மாட்டின் உடம்பு முதலில் எலும்பைக் கட்டும், பிறகு சதையை, கடைசியில்தான் கொழுப்பை. ஃப்ரீஸ்லாந்து எலும்பு கட்டி முடிக்கவே நாளாகும். காயடிக்காததால் வேகமாக வளரும், தீவனத்தையும் நன்றாகச் சதையாக்கும். ஆனால் கொழுப்பு இன்னும் தாமதமாகும். 400 கிலோவிலும் விலாவை எண்ணலாம். ஜெர்ஸிக்கு வேறு சிக்கல், அதன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். ருசியில் குறை இல்லை, ஆனால் வாங்குகிறவர் கிழட்டு மாடு என்று விலையைக் குறைப்பார்.

பல் விஷயம் உங்களுக்கு ஊரிலேயே தெரியும். இங்கே தரம் பிரிப்பதும் பல்லை வைத்துத்தான். பால்பல் மட்டும் இருந்தால் ஏ. பால்பல் விழுந்து ஒன்று அல்லது இரண்டு நிலைப்பல் போட்டுவிட்டால் ஏபி, மூன்றிலிருந்து ஆறு வரை பி, அதற்கு மேல் சி. பக்கத்தில் எழுதும் எண் கொழுப்புக்கு, 0 முதல் 6 வரை. 2, 3 என்றால் நல்ல விலை. பல் போட்ட காளைக்கு எம்டி என்ற குறியும் விழும், விலையும் சேர்ந்து விழும். முதல் ஜோடிப் பல் 18 மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். டிசம்பரில் இவற்றுக்கு 17 மாதம். பல் தப்பிவிடும், உண்மைதான். ஆனால் பண்டிகை விலைக்காக இன்னும் இரண்டரை மாதம் தீவனம் போட்டு, வெறி ஏறிய காளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். செப்டம்பரோடு முடித்துவிடுங்கள்.

“கொஞ்ச நாள் புல்லில் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதுதான் நான் அதிகம் பார்த்த நஷ்டம். ஜூனில் உறைபனி விழுந்தால் கிக்குயூ புல் கருகிவிடும். ஆறு ஹெக்டேரில் பதினொரு காளை ஆகஸ்டு வரை எதைத் தின்னும்? எடையும் ஏறாது, வயது மட்டும் ஏறும். மே மாதம் இறைச்சி மாட்டுப்பண்ணைக் கன்றுகள் ஏலத்தில் வந்து குவிவதால் விலை கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். அந்தக் குறைவு, குளிர்காலம் முழுக்க வைக்கோல் வாங்கிப் போடுவதைவிட மலிவு.

இரண்டு வயது வரை வளர்த்து டர்பன் பக்கம் குர்பானிக்கு விற்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல சந்தைதான். இறைச்சிக்கூடத்தில் விலையைக் குறைக்கிற அதே இரண்டு பல்லை அங்கே வயதுக்குச் சாட்சியாகத் தேடி வாங்குவார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பக்ரீத்துக்கு இவற்றுக்கு 22 மாதம்தான் ஆகியிருக்கும், இரண்டு வயது நிரம்பாது. அந்த யோசனை இருந்தால் அடுத்த தொகுதிக் கன்றுகளைச் சின்னதிலேயே காயடித்து, நிறையப் புல் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அரசு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். 2021-இல் நம் மாகாணத்தில் கோமாரி புகுந்ததிலிருந்து இன்று திறந்திருக்கும் வழி நாளை மூடலாம். உங்கள் பகுதி நோய்க் கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருந்தால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மாடும் நகரக் கூடாது. எல்லைக்கு வெளியே இருந்தாலும் மாடுகளுக்கு நோய் இல்லை என்று விற்கிற நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 28 நாள் தனியாக வைக்க வேண்டும். நீங்கள் புதிதாகக் கன்று வாங்கினாலும் இதேதான். ஆறு மாதம் தாண்டிய மாட்டுக்குப் பதிவு செய்த சூட்டுக்குறி வேண்டும், லாரியோடு நகர்த்தல் சான்றும் வேண்டும். கடற்கரைப் பக்கம், தொங்காட், ஸ்டேஞ்சர்காரர் யாராவது வாங்கினால் இவை மேட்டு நிலத்து மாடு, உண்ணியால் வரும் ஹார்ட்வாட்டர் காய்ச்சலுக்குப் பழகாதவை என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விற்பது பாவம்.

அம்மாவிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். ஏலத்தில் விற்றாலும் ஃபீட்லாட் என்கிற கொழுக்க வைக்கும் பட்டி வழியாக அவை போய்ச் சேரும் இடம் அதுதான். பால்பண்ணையில் ஆண் கன்றுக்கு வேறு வாழ்வு கிடையாது. பிறந்த வாரமே முடிந்திருக்க வேண்டியவற்றுக்கு உங்கள் அம்மா பத்து மாதம் வயிறாரப் போட்டிருக்கிறார். அதற்கு மேலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த முறை ஆண் கன்று வாங்காதீர்கள், கிடாரியாக வாங்கிச் சினையாக்கி விற்கலாம். அவர் மனதை ஒரு செலவுக் கணக்காக நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

நிற்கப்போகும் நான்குக்கு: அடர்தீவனம் தொடங்கும் முன் துள்ளுமாரித் தடுப்பூசி போடுங்கள், இங்கே பல்பி கிட்னி என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாள் 2 கிலோ, பிறகு மூன்று வாரத்தில் படிப்படியாக முழு அளவு; தினமும் முதலில் காய்ந்த புல், அப்புறம்தான் தீவனம். காலையில் சாணியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கூழாக, நுரைத்து, முழு மக்காச்சோள மணியோடு கிடந்தால் வயிறு புளித்துவிட்டது. அன்றைக்குத் தீவனத்தைப் பாதியாக்கிப் புல்லைக் கூட்டுங்கள். ஆகஸ்டு கடைசியில் கூண்டில் நிறுத்திக் கடைசி விலாக்களை உள்ளங்கையால் அழுத்துங்கள். மடக்கிய முஷ்டியின் கணுக்களைத் தடவுவது போல இருந்தால் இன்னும் நாளாகும். விரித்த கையின் உள்விரல்களைத் தடவுவது போல எலும்புக்கு மேல் மெத்தென்று இருந்தால் அனுப்பலாம். நான்கையும் ஒன்றாகவே ஏற்றுங்கள், வழியில் வேறு காளையோடு கலக்க விடாதீர்கள், முடிந்தால் சேர்ந்த அன்றே அறுக்கும்படி நேரம் வாங்குங்கள். இரவெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிச் சண்டை போட்ட காளையின் இறைச்சி கறுத்து ஒட்டும், அதுவரை பட்ட பாட்டுக்கு விலை கிடைக்காது.

இந்த வாரமே தீவனத் தொட்டியைக் கம்பி வேலியை ஒட்டி மாற்றிவிடுங்கள். அம்மா வெளியே நின்றபடி வேலிக்கு மேலாகத் தீவனத்தைக் கொட்டட்டும்.