மூன்று நாற்காலிகள்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். எங்கள் துறையில் அடுத்த மாதம் ஒரு பட்டிமன்றம் நடக்கவிருக்கிறது. ‘சார்க் செத்துவிட்டதா, உறங்குகிறதா?’ என்பது தலைப்பு. சார்க் கூட்டமைப்பில் உள்ள தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளிடையே அது 20 விழுக்காட்டுக்கும் மேல். நமக்குப் பண்பாடு ஒன்று, உணவு ஒன்று, கிரிக்கெட் பித்தும் ஒன்று. அவர்களுக்கோ மதம், மொழி, எழுத்து எதுவுமே பொது இல்லை. அப்படியிருக்க அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? பாகிஸ்தானை விட்டுவிட்டு வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் வழியாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். தங்கள் கருத்து என்ன? நான் எந்த அணியில் பேசட்டும்?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என்னுடைய பழைய நாட்குறிப்பு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். 2013இல் இந்திய, வங்கதேச எல்லையில் உள்ள பெட்ராபோலில் மூன்று நாள் தங்கியபோது எழுதியது அது. இல்லாவிட்டால் பட்டிமன்றக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்த நாட்குறிப்புக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் பேராசிரியர். பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் 1997இல் பாங்காக்கில் தொடங்கியது. அதற்கென்று ஒரு செயலகம் டாக்காவில் அமைய 2014 வரை ஆயிற்று. சாசனம் கையெழுத்தாக 2022. தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தத்தை 2004இலேயே போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டகத்தை நிரப்ப வேண்டிய முழு வணிக ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. இதைப் பேராசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

பண்பாடு ஒன்று, உணவு ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. உங்கள் வயதில் நானும் மேடையேறி இதையே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதனால்தான் கோபமும் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. ஒரே வீட்டில் ஒரே உலையில் பொங்கிய சோற்றைத் தின்று வளர்ந்த அண்ணன் தம்பிகள் வரப்புக்காக நீதிமன்றம் போவதைப் பார்த்து வளர்ந்த நாம், நாடுகள் என்று வந்தவுடன் பிரியாணியும் கிரிக்கெட்டும் ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடும் என்று எப்படி நம்புகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே ஒரே ரயில்வே, ஒரே துறைமுக நிர்வாகம், ஒரே அஞ்சல் துறை என்று வாழ்ந்தவை. விடுதலைக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒரே ஷில்லிங்தான் புழங்கியது. சுவாஹிலி மொழி மூன்றிலும் உண்டு. மூன்றுக்கும் பொதுவாக ஒரு விமான நிறுவனம்கூட இருந்தது. இத்தனையையும் ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவர 1967 ஜூன் மாதம் கம்பாலாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அரூஷா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கச் சமுதாயம் பிறந்தது. ஐரோப்பியர்கள் அப்போது கனவு கண்டுகொண்டிருந்த பலவும் இவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தன. பத்தே ஆண்டில் அது செத்தது.

காரணங்கள் பல. தொழிற்சாலைகளும் ஆதாயமும் கென்யாவின் நைரோபிப் பக்கமே குவிகின்றன என்ற குறை மற்ற இருவருக்கும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது நியாயமான குறைதான். தான்சானியா சோசலிசப் பாதையிலும் கென்யா தனியார் முதலீட்டுப் பாதையிலும் போயின. ஆனாலும் உயிர் போன இடம் வேறு. அந்தச் சமுதாயத்தின் உச்சியில் மூன்று நாட்டுத் தலைவர்கள் மட்டுமே அமரும் ஓர் அவை இருந்தது. பெரிய முடிவுகள் எல்லாம் அந்த மூன்று நாற்காலிகளும் நிறைந்தால்தான் எடுக்கப்படும். 1971 ஜனவரியில் உகாண்டாவில் மில்டன் ஒபோட்டேயைக் கவிழ்த்து இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். ஒபோட்டேக்குப் புகலிடம் கொடுத்த தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே, அமீனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்றார். அறத்தின்படி அவர் செய்தது சரி. நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் அதன்பின் அந்த அவை ஒருமுறைகூடக் கூடவில்லை. கீழே ரயில்வேக்காரர்களும் துறைமுகக்காரர்களும் தீர்க்க முடியாத சிறு கணக்குகளை மேலே அனுப்பினார்கள், மேலே ஆளில்லை. வசூலான பணத்தை ஒவ்வொரு நாடும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது. 1977 தொடக்கத்தில் பொது விமான நிறுவனம் முடங்கியது, கென்யா தனக்கென ஒன்றைத் தொடங்கியது, தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. விட்டுப்போன சொத்தைப் பங்கு பிரித்து முடிக்க 1984 ஆயிற்று. பாகப்பிரிவினை என்றால் ஏழு ஆண்டு ஆகத்தானே செய்யும்.

இப்போது சார்க் சாசனத்தை எடுத்து வைத்துப் படியுங்கள், சிறிய ஆவணம்தான். எல்லா மட்டங்களிலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இருநாட்டுத் தகராறுகளைப் பேசக்கூடாது. தலைவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கி 2014 நவம்பரில் காத்மாண்டு வரை பதினெட்டு மாநாடுகள்தாம் நடந்தன. பத்தொன்பதாவது 2016இல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டும். காஷ்மீரின் உரி இராணுவ முகாம் தாக்கப்பட்ட பிறகு இந்தியா வர மறுத்தது, வேறு சில நாடுகளும் மறுத்தன, இன்றுவரை கூட்டம் இல்லை. இந்தியா மறுத்தது சரியா தவறா என்று நீங்கள் பட்டிமன்றத்தில் தொண்டை வற்றப் பேசலாம். என் கேள்வி அதுவல்ல. ஒரு தலைவர் இன்னொருவர் கையைக் குலுக்க மறுத்தால் அரிசிக் கிடங்கு முதல் சரக்கு லாரி வரை எல்லாம் நின்றுபோகும்படி ஒன்றைக் கட்டியவர்கள், கட்டும்போதே அது நிலைக்காது என்று அறிந்திருக்க வேண்டாமா?

அரிசிக் கிடங்கு என்றது அணி அலங்காரமில்லை. பஞ்சம், புயல் வந்தால் எடுத்துக்கொள்ள சார்க் நாடுகள் 1988இல் சுமார் இரண்டு லட்சம் டன் உணவு தானியத்தை ஒதுக்கின. தானியம் அவரவர் கிடங்கில் அவரவர் பூட்டின்கீழ் இருந்தது. வேண்டுபவர் வைத்திருப்பவரிடம் விலை பேசி வாங்க வேண்டும். 1991இல் வங்கதேசத்தைப் புயல் புரட்டிப்போட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தபோதும் அதிலிருந்து ஒரு மணி வெளியே வரவில்லை.

ஆசியானுக்கு வருகிறேன். உங்கள் கேள்வி அதைப் பற்றியது என்பது நினைவிருக்கிறது. 1967 ஆகஸ்டில் பாங்காக்கில் ஐந்து நாடுகளின் அமைச்சர்கள் கையெழுத்திட்டபோது, இந்தோனேசியாவும் மலேசியாவும் ஆயுத மோதலை முடித்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. சபா என்ற பகுதி யாருடையது என்று பிலிப்பைன்ஸ் மலேசியாவோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. இந்த நிலையில் அவர்கள் செய்த புத்திசாலித்தனம், தலைவர்களைக் கூட்டாமல் விட்டது. முதல் உச்சிமாநாடு 1976இல் பாலியில்தான் நடந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளும் அமைச்சர்களும் அதிகாரிகளும் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரையொருவர் தொலைபேசியில் பெயர் சொல்லி அழைக்குமளவுக்குப் பழகினார்கள். மற்ற நான்கு நாடுகளின் மக்களைச் சேர்த்தாலும் இந்தோனேசியாவின் மக்கள்தொகை அதைவிட அதிகம். அப்படிப்பட்ட பெரிய நாடு மேசையின் தலைமாட்டில் உட்காராமல் ஓர் ஓரமாக உட்கார்ந்தது. நம்மால் அது முடிந்ததா? சார்க்கில் பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் தவிர, இந்தியாவைத் தாண்டாமல் தரைவழியே இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகவே முடியாது. எல்லா வாசலும் நம் வீட்டுத் திண்ணை வழியே. திண்ணைக்காரன் கால் நீட்டிப் படுத்திருந்தால் தெருவில் போகிறவர்கள் அவனை நல்லவன் என்றா சொல்வார்கள்?

சார்க் முழுவதும் செத்ததா என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். 2012இல் நம் ரிசர்வ் வங்கி, சார்க் நாடுகளின் மத்திய வங்கிகளுக்கு அவசரக் காலத்தில் அந்நியச் செலாவணி மாற்றித் தர ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. மாநாடே நடக்காத 2020இல், அந்த ஏற்பாட்டின்கீழ் இலங்கைக்கு 40 கோடி டாலர் போயிற்று. 2022 ஜனவரியில், அங்கே அடுப்பெரிக்க எரிவாயுவுக்கே மக்கள் வரிசையில் நிற்கவிருந்த ஆண்டில், மறுபடியும் போயிற்று. யாரும் விளக்கேற்றவில்லை, குழுப்படம் எடுக்கவில்லை. இரண்டு வங்கிகளின் அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என் வாதத்துக்கு ஓட்டை உண்டு. நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 1960இன் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் இந்திய, பாகிஸ்தான் ஆணையர்கள் இருவரும் போர்களுக்கு இடையிலும் சந்தித்து வந்தார்கள். பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 ஏப்ரலில் அதையும் இந்தியா நிறுத்தி வைத்தது. அலுவலர்களின் பழக்கம் எல்லாவற்றையும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. தலைவர்களின் நட்பைவிட நெடுநாள் தாங்கும் என்றுதான் சொல்கிறேன்.

நாட்குறிப்புக்கு வருகிறேன். ஜெசூர் சாலையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் நிழலில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். அவற்றுள் ஒன்றில் சங்ககிரிப் பக்கத்து எண்ணைப் பார்த்து நின்றுவிட்டேன். ஓட்டுநர் பம்பு அடுப்பைப் பற்றவைத்து, வண்டியின் நிழலில் புளிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். “உட்காருங்கண்ணா, சோறு வடிச்சிட்டேன்” என்றார். ஏற்றி வந்திருந்தது நூல் பொதி. டாக்காவில் சட்டையாகப் போகிற நூல். பதினோராம் நாளாக அங்கே கிடக்கிறார். ‘கார்பாஸ்’ என்று அவர்கள் சொல்லும் சீட்டு கிடைத்தால் எல்லை தாண்டி பெனாபோல் முற்றம் வரை போகலாம். அதற்கப்பால் இவர் வண்டி போகக்கூடாது. அங்கே ஒவ்வொரு பொதியும் மனிதர்களின் தலையில் இறங்கி, வங்கதேச லாரியில் ஏறும். நமங்காவில், 1977இல் மூடப்பட்ட அதே கென்ய, தான்சானிய எல்லையில், இப்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறார்கள். இங்கேயும் வண்டிகள் நேரே போக வழி செய்ய 2015இல் திம்புவில் நான்கு நாடுகள் கையெழுத்திட்டன. குறுகிய மலைப்பாதையில் அடுத்தவன் லாரி வந்து நெரிக்கும் என்று அஞ்சிய பூட்டானின் மேலவை அதை ஏற்கவில்லை. அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

பின்னர் 2025 ஏப்ரலில், தரைவழியே இந்திய நூல் வருவதையே வங்கதேசம் நிறுத்திவிட்டது. மே மாதம், அங்கிருந்து தரைவழியே ஆயத்த ஆடை வருவதை இந்தியா நிறுத்தியது. இதில் பாகிஸ்தான் எங்கே வந்தது என்று பேராசிரியரிடம் கேளுங்கள்.

நீங்கள் எந்த அணியில் பேசினாலும் எனக்குச் சம்மதமே. ‘நமக்குப் பண்பாடு ஒன்று’ என்று மட்டும் தொடங்காதீர்கள். அரங்கில் நான் இருந்தால் எழுந்து போய்விடுவேன். பேசி முடித்ததும் எழுதுங்கள்.