நிலையான வளர்ச்சின்னா என்ன? அதோட அடிப்படை என்ன?

இப்ப நமக்கு வேண்டியதை எடுத்துக்கணும், ஆனா நாளைக்கு வரப்போற பிள்ளைங்களுக்கு வேண்டியதுல கை வைக்கக் கூடாது, அவ்ளோதான். ஐநா அமைச்ச ப்ருண்ட்லண்ட் கமிஷன் 1987ல கொடுத்த ரிப்போர்ட் சொன்னதும் இதைத்தான்.

ஏன் இது முக்கியம்னா, மீன், காடு, நிலத்தடி நீர் எல்லாம் தானா திரும்ப ஊறும், வளரும், ஆனா அதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு, அந்த வேகத்தை மிஞ்சி எடுத்தா தீர்ந்துடும். பேங்க்ல போட்ட பணம் மாதிரிதான், வட்டியை மட்டும் எடுத்தா காலத்துக்கும் வரும், அசல்லயே கை வச்சா வட்டியும் போச்சு.

கனடாவோட நியூஃபவுண்ட்லண்ட் கடல்ல அதான் நடந்துச்சு. பெரிய பெரிய ட்ராலர் கப்பல்களை விட்டு காட் மீனை வாரி எடுத்தாங்க, 1992ல மீன்வளமே சரிஞ்சு அரசாங்கம் பிடிக்கவே தடை போட்டுச்சு, 30,000 பேருக்கு மேல வேலை போச்சு. இயற்கை, வருமானம், மக்கள் வாழ்க்கை மூணையும் சேர்த்துப் பாக்கணும்னு சொல்றது இதனாலதான், ஒண்ணு விழுந்தா மத்ததும் கூடவே விழுது.

நிறைய பேர் இதை வளர்ச்சியே வேணாம்னு சொல்ற விஷயம்னு நினைக்கிறாங்க, அது தப்பு, 2015ல நிலையான வளர்ச்சிக்குன்னு ஐநா வச்ச 17 இலக்குல முதல் இலக்கே வறுமையை ஒழிக்கிறதுதான்.