ஆவணி 25: செத்தவரோ, வெண்டவரோ?

அன்பின் அக்கா,

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையும் 'வரலாற்றில் இன்று' என்று தலைப்புப் போட்டு ஐந்தாறு வரி எழுதிவைப்பேன். எல்லாம் கைபேசியில் தேடி எடுப்பதுதான். போன ஆவணி 25 அன்று, கலிலியோ தொலைநோக்கியைக் காட்டியது, பாரிஸ் விடுதலையானது, லினக்ஸ் அறிவிக்கப்பட்டது, நீல் ஆம்ஸ்ட்ரோங் இறந்தது என்று எழுதினேன். கடைசி வரியாக, 'மாவீரன் பண்டாரவன்னியன் வீரமரணமடைந்த நாள், 1803' என்று போட்டேன். வயலால் வந்த ஒரு பெரியவர் சைக்கிளை நிற்பாட்டி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "தம்பி, அண்டைக்கு அவர் செத்தவரோ, வெண்டவரோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை, "ஏன் அண்ணா இவ்வளவும் ஒரே நாளில நடந்தது?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு திகதியில் நடந்தவற்றைச் சேர்த்து எழுதுவதில் உண்மையிலேயே ஏதும் பொருள் இருக்கிறதா அக்கா?

அன்புடன்,
ச.
ஒட்டுசுட்டான்

அன்பின் தம்பி,

முதலில் அந்தப் பெரியவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்: வென்றவர். செத்த நாள் அல்ல.

1803 ஓகஸ்ட் 25, வியாழக்கிழமை. வன்னிச் சிற்றரசனான பண்டாரவன்னியனின் ஆட்கள் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். உள்ளே இருந்த படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனது. ஒல்லாந்தரிடமிருந்து அந்தக் கரை ஆங்கிலேயர் கைக்கு மாறியதே 1795இல்தான். எட்டு வருடத்துக்குள் கோட்டை போய்விட்டது. அந்த ஆண்டு முழுக்கவே அவர்களுக்குக் கெட்ட ஆண்டு. பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்து தங்களுக்கு வேண்டிய ஒருவரை அரசனாக்கினார்கள். ஜூன் மாதம் 24ஆம் திகதி அங்கே விட்டுவந்த படை சரணடைந்து அழிந்தது. அதற்குப் பிந்திய மாதங்களில் கண்டியரசின் ஆட்கள் கரையோரம் நோக்கி இறங்கியபோதுதான் வன்னியிலும் இந்த அடி விழுந்தது.

பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். கோட்டை விழுந்து 67ஆம் நாள், ஒக்டோபர் 31, கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்றார். உங்கள் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே நட்ட கல்லில் இருந்தது ஆங்கில வாசகம். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் இந்த இடத்துக்கு அண்மையில் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடித்தான் என்பது அதன் பொருள். தோற்கடித்தான் என்று மட்டும்தான் இருந்தது, தம்பி. கொன்றான் என்று இல்லை. கொன்றிருந்தால் அதைப் பொறிக்காமல் விட்டிருப்பார்களா? அவர் அதற்குப் பிறகும் காடுகளில் நின்று போராடினார், பனங்காமத்தில்தான் உயிர் பிரிந்தது என்கிற வழக்கு வன்னியில் இன்றும் உண்டு.

ஆகஸ்ட் 25ஐ 'நினைவு நாள்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, நினைவு நாள் என்றால் இறந்த நாள்தானே என்று நம் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. வவுனியாவில் அவருடைய சிலைக்கு அன்றைக்கு மாலை போடுவது ஒரு வெற்றிக்காக. அதைச் சொல்லாமல் மாலை போடுவது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டினார். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் தமிழில் சொன்னார். "எங்கட ஆளின்ர கல்லில ஏனப்பா மற்றாளின்ர பேர் முன்னுக்குக் கிடக்குது?" என்று கேட்டேன். "கல்லை நட்டவன் எழுதினது பிள்ளை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வளர்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தோல்வி நாளை அவர்கள் கல்லில் எழுதினார்கள், சரி. வெற்றி நாள் மட்டும் எங்கிருந்து வந்தது? அந்த ஓகஸ்ட் 25உம் அவர்களுடைய பதிவுகளில் இருந்துதான் நமக்குக் கிடைத்தது. கோட்டையை இழந்தவன் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அதனால் திகதி போட்டான். பிடித்தவனுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை.

நம் ஆட்கள் நினைவில் வைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வேறு விதமாக வைத்தார்கள். என் அம்மம்மாவுக்கு ஒரு திகதியும் தெரியாது. ஆனால் "வட்டப்பளைப் பொங்கலுக்கு மற்றக் கிழமை", "சூறாவளி அடிச்ச வருசம்", "குளம் வான் பாஞ்ச மாரி" என்று அவர் சொன்னால் ஊரில் எல்லாருக்கும் பிழையில்லாமல் விளங்கும். வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலே எந்த ஆங்கிலத் திகதிக்கும் கட்டுப்படாதது. வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை அது. அதற்கு முதல் திங்களில் சிலாவத்தைக் கரையில் எடுத்த கடல்நீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும். அந்த ஒரு கிழமையும் எங்களுக்குக் கலண்டர் தேவைப்பட்டதில்லை.

நீங்கள் 'ஆவணி 25' என்று எழுதியதைப் பார்த்ததும் இன்னொரு விசயம் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஓகஸ்டை ஆவணி என்றும் ஒக்டோபரை ஐப்பசி என்றும் சொல்வது நம் வழக்கம். எனக்கும் அதுதான் வாயில் வரும். ஆனால் பஞ்சாங்கத்தில் ஓகஸ்ட் 25 ஆவணி 9 அளவில் விழும். பஞ்சாங்கத்து ஆவணி 25 செப்டெம்பர் 10 அளவில் வரும். உங்கள் பலகையைப் படம்பிடித்துத் தமிழ்நாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பினால் அவர் இரண்டு கிழமை தள்ளிப் படையெடுப்பார். 1803க்குப் போனால் அதுவும் பொருந்தாது. நம் சூரிய வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சில நிமிடம் நீளம் என்பதால் இருநூறு வருடத்தில் மூன்று நாள் அளவு விலகிவிடும். பலகையில் 'ஓகஸ்ட்' என்று எழுதுங்கள். பேச்சில் ஆவணி இருக்கட்டும்.

ஒரு நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வன்னியாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1996இல் இலங்கை நேரம் மாற்றப்பட்டபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாறவில்லை. 2002இல் பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து ஓமந்தையைக் கடந்து வந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியது உங்களுக்கும் சின்ன வயது நினைவாக இருக்கலாம். 2004 டிசெம்பர் 26, அந்தப் பூரணை ஞாயிறு, சுமாத்திராவுக்கு அருகே கடலடி குலுங்கியபோது கொழும்பில் நேரம் ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. முல்லைத்தீவில் ஆறு இருபத்தெட்டு. அதே கணம்தான். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அதை அங்கே யாரும் பலகையில் எழுதிப் படிக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது. நான் நேரில் நின்றிருந்தால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அவளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தால், அதில் யாரோ இருவருக்குப் பிறந்த திகதி ஒன்றாக இருக்கும் வாய்ப்புப் பாதிக்குமேல். 30 பேர் என்றால் பத்துக்கு ஏழு. வருடத்தில் 365 நாள் இருக்கும்போது இது நம்பக் கடினம்தான், ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாகக் கேட்டுப் பார்த்தால் தானே தெரியும். உலகத்தில் ஆயிரக்கணக்கான வருடமாக நடந்ததையெல்லாம் 365 பெட்டிக்குள் போட்டால் எந்தப் பெட்டியும் வெறுமையாக இருக்காது. ஆகவே அவை ஒரே நாளில் நடந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லை என்று பிள்ளையிடம் துணிந்து சொல்லலாம். பலன் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரே பெட்டிக்குள் கிடப்பதால் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சாட்டுக் கிடைக்கிறது. எனக்கு அந்தச் சாட்டுப் பிடிக்கும்.

நீங்கள் எழுதிய ஆம்ஸ்ட்ரோங்கையே எடுங்கள். 2012 ஓகஸ்ட் 25, 82 வயதில் இறந்தார். உலகமெங்கும் அன்று அதுதான் செய்தி. அதே நாள், 1977இல் அனுப்பிய வொயேஜர் 1 விண்கலம் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் போனது. மனிதர் செய்த ஒரு பொருள் அங்கே போனது அதுவே முதல் தடவை. பூமியிலிருந்து கிட்டத்தட்ட 1,800 கோடி கிலோமீற்றர். அன்று அதை ஒருவரும் அறியவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் கலம் அனுப்பிய அளவுகளிலிருந்து சுற்றியுள்ள வெளியின் அடர்த்தியைக் கணக்கிட்டு, பின்னோக்கிப் போய், ஓகஸ்ட் 25இல்தான் தாண்டியிருக்கிறது என்று கண்டார்கள். 2013 செப்டெம்பரில்தான் அறிவித்தார்கள். நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு நாளுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இதை வாசித்த இரவு நான் வெளியே போய் முற்றத்தில் கனநேரம் நின்றேன்.

அதன் சோடிக் கலமான வொயேஜர் 2 நெப்டியூனுக்கு மிகக் கிட்டப் போனதும் ஓகஸ்ட் 25 தான், 1989இல். நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முந்தி. அதை இயக்கிக்கொண்டிருந்த கலிபோர்னியாவில் அப்போது 24ஆம் திகதி இரவு. சமிக்ஞை வந்துசேர நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்ததால், அவர்களுக்குப் படம் கிடைத்தபோது 25 பிறந்துவிட்டது. லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளமும் இப்படித்தான். 21 வயதுப் பெடியன் ஒருவன், லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சிங்கியில் இருந்துகொண்டு, பொழுதுபோக்குக்காக ஒன்று செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று 1991 ஓகஸ்ட் 25 இரவு எழுதினான். வன்னியில் அந்நேரம் 26ஆம் திகதி அதிகாலை இரண்டரை. உங்கள் கையில் இருப்பது அன்ட்ரொயிட் கைபேசி என்றால் அதன் அடியில் ஓடுவது அவன் தொடங்கிய வேலைதான்.

கலிலியோ வரியைத் திருத்த வேண்டும். வெனிசில் பிரபுக்களை மணிக்கூண்டில் ஏற்றித் தொலைநோக்கியைக் காட்டியது 1609 ஓகஸ்ட் 21. 25ஆம் திகதி நடந்தது, அவருடைய பேராசிரியர் பதவியை ஆயுள் முழுக்க உறுதிசெய்து சம்பளத்தைக் கூட்டிய தீர்மானம். பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஓகஸ்ட் 25க்கு அச்சில் வந்த பொய்யும் ஒன்று உண்டு. 1835இல் அன்றைக்கு நியூயோர்க் பத்திரிகையொன்று, சந்திரனில் உயிர்கள் இருப்பதாக வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்தார் என்று ஒரு தொடரைத் தொடங்கியது. வௌவால் சிறகு முளைத்த மனிதர்கள்கூட அதில் வந்தார்கள். ஹெர்ஷலுக்கே தெரியாது. சனம் நம்பியது.

கைபேசிப் பட்டியலில் நீங்கள் பார்த்திராத இரண்டை இங்கே சேர்க்கிறேன். திருமுருக கிருபானந்த வாரியார் 1906இல் வேலூருக்கு அருகே காங்கேயநல்லூரில் பிறந்தது இதே நாளில். தமிழ் கேட்டு வளர்ந்த ஒரு ஊரின் பலகையில் அவர் இல்லாமல் இருப்பது சரியில்லை.

மற்றது 2017. மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் அன்று காவல் நிலைகள் தாக்கப்பட்டன. அதைச் சாட்டாக வைத்து இராணுவம் ரோகிங்கியா கிராமங்களுக்குள் இறங்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வங்காளதேசத்துக்கு ஓடியது. ஓகஸ்ட் 25ஐ அவர்கள் முகாம்களில் ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூருகிறார்கள். தறப்பாள் கொட்டிலில் இருந்து மழையைப் பார்த்த நம் சனத்துக்கு அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டால் போதும். வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நிற்பார்கள்.

ஆகவே எழுதுங்கள் தம்பி, விட்டுவிடாதீர்கள். ஆறு வரி வேண்டாம். ஒரு நாளுக்கு ஒன்று, நன்றாகத் தேடி, இரண்டு இடத்தில் ஒப்பிட்டு. கீழே ஒரு வரி இடம் விடுங்கள். அதில் ஊராள் சொல்வதை எழுதுங்கள்: குளத்துக் கட்டு உடைத்த நாள், மீளக்குடியேறி முதல் அடுப்பு மூட்டிய நாள், பள்ளிக்கூடம் மரத்தடியில் திரும்பத் தொடங்கிய நாள். திகதி தெரியாவிட்டால் "பொங்கலுக்கு மற்றக் கிழமை" என்றே எழுதுங்கள். இடம்பெயர்வில் எத்தனை வீட்டுப் பிறப்புச் சான்றிதழும் கலியாண எழுத்தும் பள்ளிக்கூட இடாப்பும் போயின என்று உங்களுக்கே தெரியும். சாக்கட்டியால் எழுதியது மழைக்கு அழியும். அதனால் ஒரு கொப்பியிலும் எழுதிவையுங்கள். முதல் வரியை அந்தப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். அப்படிக் கேள்வி கேட்கிறவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.

ஒக்டோபர் 31 அன்று பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாரி தொடங்கியிருக்கும், பாதை சேறாக இருக்கும், பரவாயில்லை. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு கல்லின் வாசகத்தைச் சொல்லி, எந்தச் சொல் அதில் இல்லை என்று கேளுங்கள். நானும் வருகிறேன். காலை எட்டு மணிக்கு ஒட்டுசுட்டான் சந்தியில் நிற்பேன்.

அன்புடன்,
அக்கா